காப்பு அவிழ்த்த பிறகு கேட்ட கருத்து

கருத்துக் கேட்புக் கூட்டத்தை எப்படி நடத்துவது என்று பயிற்சியில் புதிய அதிகாரிகளான உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். நாற்காலிகளை எப்படிப் போடுவது, ஒலிவாங்கியை முதலில் யாரிடம் கொடுப்பது, சட்ட வரைவை எளிய தமிழில் எப்படி விளக்குவது என்பவற்றை நான் மறுபடியும் சொல்லப்போவதில்லை. மக்கள் ஒரு கருத்தைச் சொல்லி முடித்த பின், அது அவர்களுடைய எந்த நாளின் கருத்து என்று நாம் கேட்டுக்கொள்ள நேரும் வேளை ஒன்று உண்டு. எனக்கு அது ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்னர்தான் வாய்த்தது. அதற்கு முன் வாய்த்திருந்தால் என் பணியை வேறு விதமாகச் செய்திருப்பேனோ என்று இப்போதும் எண்ணிப் பார்ப்பதுண்டு.

மது விற்பனை உரிமம் பற்றிய விதிகளைத் திருத்துவதற்கு அப்போது ஒரு வரைவு எழுதியிருந்தார்கள். எந்த நேரத்தில் விற்கலாம், யாருக்கு உரிமம் கொடுக்கலாம், பள்ளியிலிருந்தும் கோயிலிலிருந்தும் எவ்வளவு தள்ளி விற்கலாம், தோட்டத்துக் கடைகளில் விற்கலாமா என்பனவற்றை மக்களிடம் கேட்டறிய வேண்டும். மலாய்க்கார அம்மையார் ஒருவர் தலைமை அதிகாரி. தமிழர் மிகுந்த இடங்களில் கூட்டத்தை நடத்துவதும், பேசுவோர் சொல்வதை அவருக்கு மொழிபெயர்ப்பதும் என் பொறுப்பு.

ரவாங்கில் ஒரு கூட்டம் நடத்தினோம், செரண்டாவில் ஒன்று. கடைக்காரர்கள் வந்தார்கள், கோயில் நிருவாகத்தினர் வந்தார்கள், ஆசிரியர்களும் தாய்மாரும் வந்தார்கள். எல்லாரும் குடிப்பவர்களைப் பற்றிப் பேசினார்கள். குடிப்பவர் ஒருவரும் வரவில்லை. வந்திருந்தாலும் தம்மை அப்படிச் சொல்லிக்கொள்ளவில்லை. அம்மையார் ஒருமுறை காரில் திரும்பும்போது, "நாம் யாருக்காகச் சட்டம் செய்கிறோமோ அவரை நான் இன்னும் பார்க்கவில்லையே" என்று மலாய் மொழியில் சொன்னார். அவர்கள் வரமாட்டார்கள் என்றேன். அவ்வளவு உறுதியாகச் சொன்னேன்.

மூன்றாவது கூட்டம் கோலா சிலாங்கூர்ப் பக்கம் எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றில். பெயர் வேண்டாம். செம்மண் சாலை முதன்மைச் சாலையிலிருந்து பிரிந்து உள்ளே போகும். முதலில் கோயில், அதை அடுத்து மண்டபம், இன்னும் உள்ளே மளிகைக் கடை, அதற்கும் அப்பால் தொழிலாளர் குடியிருக்கும் லயங்கள். வெளியே போகவும் உள்ளே வரவும் அந்த ஒரே சாலைதான். இருபுறமும் பெரிய வாய்க்கால். இளையவர்கள் பலர் தொழிற்சாலை வேலைக்கு வெளியே போய்விட்டார்கள். இருந்தும் சில குடும்பங்கள் அங்கேயே வாழ்கின்றன.

நாள் குறிப்பதற்குக் கோயில் தலைவரைக் கேட்டோம். அவர் மகிழ்ச்சியோடு, "திருவிழா நேரத்துல வச்சிக்கங்க சார். பந்தல் இருக்கு, நாற்காலி இருக்கு, சாப்பாடு நாங்க போட்டுருவோம். எல்லாரும் தோட்டத்துலயே இருப்பாங்க" என்றார். நியாயமாகப் பட்டது. பொது விடுமுறையைப் பார்த்தோம், மழைக்காலத்தைப் பார்த்தோம். காப்புக் கட்டியிருப்பார்கள் என்பதை நான் அறிவேன். அது கூட்டத்துக்கு என்ன செய்யும் என்று நினைத்துப் பார்க்கவில்லை. தலைவரும் நினைக்கவில்லை.

மாரியம்மன் திருவிழாவுக்குக் கொடி ஏறியதும் அந்தத் தோட்டத்தில் ஆண்கள் பெரும்பாலோர் மஞ்சள் கயிற்றைக் கையில் கட்டிக்கொள்வார்கள். தீமிதி முடிந்து பூசாரி அதை அவிழ்க்கும்வரை இறைச்சி இல்லை, குடி இல்லை, கெட்ட சொல் இல்லை. ஆண்டு முழுதும் குடிப்பவன்கூட அந்த நாள்களில் ஒரு சொட்டும் தொடமாட்டான். யாரும் காவல் நிற்பதில்லை. கயிறு நிற்கிறது.

கூட்டத்தன்று பந்தல் நிறைந்திருந்தது. வரைவை விளக்கினேன். தோட்டத்துக்குள் மது விற்கக் கூடாது என்று கருதுவோர் கை தூக்கலாம் என்றேன். கைகள் எழுந்தன. ஒன்றல்ல, இரண்டல்ல, பந்தல் முழுதும் மஞ்சள் கயிறு கட்டிய கைகள். அம்மையார் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். குடிப்பவர்கள் வரமாட்டார்கள் என்று சொன்னவன் நான். அவர்கள் எல்லாரும் என் முன்னால் கை தூக்கி நின்றார்கள்.

அப்போது முன்வரிசையில் ஒருவர் எழுந்தார். அந்த மளிகைக் கடையின் உரிமையாளர் சுப்பையா. அரிசி, பருப்பு, மீன்டின் இவற்றோடு சம்சுவும் உரிமத்தோடு விற்பவர். மலிவான, காரமான சாராயம் அது. அவர் கையிலும் காப்பு இருந்தது.

"சார், ஒன்னு சொல்லலாமா?"

"சொல்லுங்க."

"எல்லாரும் என் கடைய மூடச் சொல்றாங்க. சரி. ஆனா இது அம்மனுக்குப் பயந்து தூக்குன கை சார். இந்த நேரத்துல எவனாவது சம்சு வேணும்னு சொல்வானா? நான்கூட சொல்லமாட்டேன்லா." பந்தலில் சிரிப்பு எழுந்தது. "காப்பு அவுத்த பெறகு வந்து கேளுங்க. அப்பவும் இப்படித் தூக்குனா, நானே சாவியக் கொண்டாந்து உங்க கையில குடுக்குறேன்."

சிரிப்பு அடங்குவதற்குள் பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. "அப்ப குடிச்சிட்டு வந்து பேசுறதுதான் நெசமான பேச்சா, அண்ணே?"

பேசியவர் பார்வதி. தொழிற்சாலைச் சீருடையோடு, வேலை முடிந்து நேரே வந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் அல்லாமல், ஆண்கள் பக்கம் கடைசி வரிசையில் அவருடைய கணவர் மாரிமுத்து உட்கார்ந்திருந்தார். செம்பனைக் குலை வெட்டும் தொழிலாளி. முன்பு தோட்டத்தின் பந்தாட்டக் குழுவில் சுப்பையாவும் அவரும் சேர்ந்தே ஆடியவர்களாம். இப்போது கண்களில் மஞ்சள் ஏறி, கன்னம் ஒட்டிப் போயிருந்தார். ஈரல் கெட்டுவிட்டது, இனியும் குடித்தால் ஆள் தங்கமாட்டார் என்று மருத்துவமனையில் சொல்லியிருந்தார்கள். அது அந்தப் பந்தலில் எல்லாருக்கும் தெரியும்.

பார்வதியின் கேள்வியைக் கேட்டுச் சுப்பையா உட்கார்ந்துவிட்டார். இரண்டு கேள்விகளும் நியாயமானவை; ஒன்றை ஒன்று வெட்டின.

அம்மையாரிடம் மொழிபெயர்த்தேன். உங்கள் கருத்து என்ன என்றார் அவர். கைகள் எழுந்துவிட்டன, அப்படியே எழுதிக்கொண்டு போயிருக்கலாம். எனக்கு அந்த விடை பிடித்தும் இருந்தது. அதுதான் என்னைத் தயங்க வைத்தது. சுப்பையா கேட்ட கேள்வியை நாளை மேலே இருக்கும் ஒருவரும் கேட்பார். அப்போது இந்தக் கைகள் அத்தனையும் ஒரே சொல்லில் விழுந்துவிடும். நமக்குப் பிடித்த விடை கிடைக்கும்போதுதான் அதை இன்னொருமுறை தட்டிப் பார்க்க வேண்டும். பிடிக்காத விடையை நாம் எப்படியும் தட்டத்தான் போகிறோம். திருவிழா முடிந்த பின் மறுபடியும் வருகிறோம் என்று அறிவித்தேன்.

காரில் ஏறும் இடத்தில் பார்வதி நின்றுகொண்டிருந்தார்.

"நல்லது செய்ய வந்திருக்கீங்கன்னு நெனச்சேன் சார்."

"ரெண்டு பக்கமும் கேக்கணும்மா. இல்லன்னா இந்தக் கருத்து நிக்காது."

"ரெண்டு பக்கம் இல்ல சார். ரெண்டு ஆளு. இந்தக் கயிறு கையில இருக்குற நாளுதான் எனக்குப் புருசன் இருக்குற நாளு. அந்த ஆளு இன்னைக்கிக் கை தூக்கிட்டாரு. நீங்க அவர விட்டுட்டு, அந்த இன்னொரு ஆளுகிட்ட வந்து கேப்பேன்னு சொல்றீங்க. அவன் என்ன சொல்லுவான்னு எனக்குத் தெரியாதா?"

காரில் ஏறினேன். கதவைச் சாத்தும்போது அவர் குரல் தாழ்ந்து, "அதுவரைக்கும் இருப்பாரான்னும் தெரியல" என்றார்.

மேசைக்குத் திரும்பினால் உங்கள் முடிவு சரியாகத்தான் தெரியும். சாலையில் நிற்கும் ஒருவருக்கு அது என்ன விலை என்பதும் அதே முடிவின் பகுதி. இரண்டையும் சேர்த்துச் சுமக்கப் பழகிக்கொள்ளுங்கள். ஒன்றை இறக்கி வைத்தால் மற்றது எளிதாக இருக்கும், வேலை கெட்டுவிடும்.

திருவிழா முடிந்து மறுபடியும் போனோம். பிற்பகல், வெயில் தாழத் தொடங்கிய நேரம். பந்தலைப் பிரித்திருந்தார்கள், கூட்டம் மண்டபத்தில். பெண்கள் முன்னைப் போலவே வந்திருந்தார்கள். ஆண்கள் குறைவு. வந்தவர்களின் மணிக்கட்டுகள் வெறுமையாக இருந்தன. அந்த வெறுமையை அவர்களே மறைக்க விரும்பியதுபோல் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அதே வினாவைக் கேட்டேன். பெண்களின் கைகள் எழுந்தன. ஆண்கள் பக்கம் ஒன்றிரண்டு கைகள் பாதி தூக்கி, பக்கத்தில் பார்த்து, இறங்கின. ஒருவர் காதைச் சொறிவதுபோல் முடித்துக்கொண்டார்.

சுப்பையா திரும்பிப் பார்க்கவில்லை. வென்றவரின் முகமாக அது இல்லை. கேட்டது கேட்டுவிட்டோம், கிடைத்தது கிடைத்துவிட்டது என்பதுபோலத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்வதி கணவருக்காகப் பக்கத்து நாற்காலியைக் காலியாக வைத்திருந்தார். அவர் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வாசலில் மாரிமுத்து வந்து நின்றார். தேய்த்து மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. பொத்தான்களை ஒரு துளை தள்ளிப் போட்டிருந்ததால் ஒருபுறம் தூக்கிக்கொண்டிருந்தது. ஈரத் தலையை வாரி, நெற்றியில் திருநீறு. ஒரு கை சுவரில். சம்சுவின் நெடி அவருக்கு முன்னால் மண்டபத்துக்குள் வந்துவிட்டது.

"வந்துட்டாருலா, தலைவரு" என்று யாரோ கேலியாகச் சொல்ல, ஆண்கள் பக்கம் சிரித்தது. பார்வதி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"நான் பேசணும்" என்றார் மாரிமுத்து.

குடித்தவர்களைக் கூட்டத்துக்குள் அனுமதிக்கக் கூடாது என்பது விதி. நல்ல விதி, அதை மீறி நான் அடிபட்ட கூட்டங்களும் உண்டு. வாசலில் நின்ற காவலர் என் முகத்தைப் பார்த்தார். அம்மையார் குனிந்து, "விதி தெரியும் அல்லவா?" என்று மெல்லக் கேட்டார்.

தெரியும். ஆனால், ஒழுங்குக்காக எழுதிய விதி அது. அந்த மனிதர் ஒழுங்கைக் குலைக்கவில்லை. அனுமதி கேட்டுக்கொண்டு வாசலிலேயே நின்றார். மதுவைப் பற்றி ஊர் ஊராகக் கேட்டு வந்திருக்கிறோம். அதைப் பற்றி முழுதும் அறிந்த ஒருவர் வாசலுக்கு வந்ததும், அறிந்திருக்கிறார் என்பதற்காகவே அவரை வெளியே அனுப்புவதா? இன்னொன்றும் எனக்குத் தெரிந்திருந்தது. அவர் வாய் திறந்து, கடை வேண்டும் என்று சொன்னால், அவர் மனைவி நம்பியிருந்தது எல்லாம் அந்த இடத்திலேயே முடிந்துவிடும். அதையும் எழுதத்தான் வேண்டும். எழுதும் துணிவு இருந்தால் மட்டும் அழைக்கலாம்.

"பேசட்டும், அம்மையாரே. குடித்திருந்தார் என்பதையும் சேர்த்தே பதிவு செய்வோம். பொறுப்பு என்னுடையது" என்றேன். அவர் என்னை ஒருகணம் பார்த்தார். பிறகு எழுதுகோலைத் திறந்தார்.

"உக்காந்து பேசுங்க" என்று நாற்காலியைக் காட்டினேன்.

"உக்காந்தா எந்திரிக்க முடியாது சார்." மறுபடியும் சிரிப்பு. அவரும் சற்றே சிரித்தார். பிறகு சுப்பையாவைத் தேடிக் கண்டுபிடித்தார்.

"டேய் சுப்பையா. காப்பு கட்டுன கை அம்மனுக்குப் பயந்து தூக்குதுன்னு சொன்னே. இந்தா பாரு." சட்டைக் கையை மேலே இழுத்து மணிக்கட்டைக் காட்டினார். "ஒன்னும் இல்ல. அவுத்தாச்சி. குடிச்சிருக்கேன். இல்லன்னு சொல்லல. உன் கடையிலதான் குடிச்சேன்."

"தெரியும்டா" என்றார் சுப்பையா, நிமிராமல். "என் மவந்தான் குடுத்தான்."

"நல்ல பையன். அவன ஒன்னும் சொல்லாத." மாரிமுத்து என் பக்கம் திரும்பினார். "சார், நான் கடைக்கின்னு கெளம்பல. இங்க வரத்தான் கெளம்பினேன். குளிச்சேன். இவ தேச்சி வச்ச சட்டையப் போட்டேன். நேரா மண்டபம்னு சொல்லிக்கிட்டே வந்தேன். நேராத்தான் வந்தேன். நேரா வந்தா கடை இருக்கு."

இப்போது யாரும் சிரிக்கவில்லை.

"அம்மன் கயிறு இருந்தா தாண்டிர்றேன். எப்படின்னு கேக்காதீங்க, எனக்கே தெரியல. தாண்டிர்றேன். அவுத்துட்டா முடியல. வேலைக்கிப் போனாலும் அது, கோயிலுக்குப் போனாலும் அது, கிளினிக்குக்கு மருந்து வாங்கப் போனாலும் அதத் தாண்டித்தான் போவணும். வருசம் பூரா காப்பு கட்டிக்கலாமான்னு பூசாரியக் கேட்டேன். அப்படியெல்லாம் கட்டக்கூடாதுன்னுட்டாரு." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "சுப்பையா பொழைக்கட்டும் சார். வேற எங்கயாவது விக்கட்டும். அத மட்டும் நவத்துங்க. நான் நவந்து பாத்துட்டேன். என்னால முடியல."

சொல்லிவிட்டு வலக்கையை உயர்த்தினார். நான் வினாவைத் திரும்பக் கேட்கவே இல்லை. அவராகவே அதற்கு விடை சொல்லிக்கொண்டு நின்றார். கை இறங்கவில்லை.

அம்மையாருக்கு மொழிபெயர்க்க வேண்டும். எத்தனையோ பேச்சுகளைச் செப்பனிட்டுச் சொல்லிப் பழகிய நாக்கு எனக்கு. அன்று எதையும் செப்பனிடத் தோன்றவில்லை. குடித்திருக்கிறேன் என்கிறார், இங்கே வரத்தான் புறப்பட்டேன் என்கிறார், வழியில் கடை இருக்கிறது என்கிறார். இப்படித் துண்டு துண்டாகச் சொன்னேன். அவர் எழுதினார். எழுதி முடித்தும் தலை நிமிரவில்லை.

பார்வதி எழுந்து போனார். கணவர் முன் நின்று, மண்டபம் முழுதும் பார்த்துக்கொண்டிருக்க, தப்பாகப் போட்டிருந்த பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சரியான துளைகளில் போட்டுவிட்டார். "கையக் கீழ போடுங்க, எழுதிட்டாங்க" என்றார்.

நான் பல கூட்டங்களில் பெரியவர்களின் பேச்சைக் கேட்டிருக்கிறேன். தன்னைத் தோற்கடித்துக்கொண்டிருக்கும் ஒன்று உடலுக்குள் இருக்கும்போதே, அதன் வாய் வழியாகவே, அதற்கு எதிராகச் சாட்சி சொன்ன மனிதரை அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை. இரண்டு ஆள் என்று பார்வதி சொன்னார். நானும் அப்படித்தான் அஞ்சியிருந்தேன். அந்த மண்டபத்தில் நின்றவர் ஒருவர்தான். கயிறு இருந்தபோதும் அவரே, இல்லாதபோதும் அவரே.

வரைவில் தூரத்தைப் பற்றித்தான் எழுதியிருந்தது. அந்தக் கடை கோயிலிலிருந்து போதிய தூரத்தில்தான் இருந்தது. விதிப்படி அதில் குறையே இல்லை. குடியிருப்புக்கு ஒரே வழியாக அமைந்த பாதையில் மது விற்பதைத் தனியாக ஆராய வேண்டும் என்ற ஒரு வரியை அம்மையார் எங்கள் அறிக்கையில் சேர்த்தார். பேசியவர் குடித்திருந்தார் என்பதையும் சேர்த்தார். அதை நீக்கிவிடலாமே என்று பின்னர் ஒருவர் சொன்னபோது, அது இல்லாவிட்டால் இந்த வரிக்குப் பொருளே இல்லை என்று மறுத்துவிட்டாராம். வரைவு இன்னமும் ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு நகர்ந்துகொண்டிருக்கிறது. உங்களில் யாராவது ஒருவர் மேசைக்கும் அது வரலாம்.

கூட்டம் முடிந்து எல்லாரும் வெளியே வந்தபோது சுப்பையாவைக் காணவில்லை. அவருடைய மோட்டார் சைக்கிள் கிளம்பிப் போன ஓசை மட்டும் முன்னரே கேட்டிருந்தது. மாரிமுத்துவைப் பிடித்துக்கொண்டு பார்வதி லயத்தின் பக்கம் நடந்தார். பெண்கள் சிலர் அவர்களோடு நடந்தார்கள். நானும் சிறிது தொலைவு கூடப் போனேன். எல்லாரும் ஒன்றையே நினைத்துக்கொண்டிருந்தோம். வீட்டுக்குப் போகவும் அந்தக் கடையைத் தாண்டியாக வேண்டும்.

கடை தெரிந்தது. இரும்புக் கதவு தரைவரை இறங்கியிருந்தது. அதன் முன்னால் சுப்பையா, செம்பனை மரங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மாரிமுத்து நின்றார். "என்னடா, மூடிட்டே?"

"கரண்டு இல்லடா. போ."

அவர் தலைக்கு மேலே பெயர்ப்பலகையின் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. உள்ளே குளிர்பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. மாரிமுத்து விளக்கை அண்ணாந்து பார்த்தார். நண்பரைப் பார்த்தார். "கரண்டு இல்லையாம், பார்வதி" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு நடந்தார்.

சாலை வளைவில் அவர்கள் மறையும்வரை சுப்பையா அசையவில்லை. மறைந்ததும் கதவை மேலே ஏற்றினார். அது அவர் பிழைப்பு; அதை நான் குறை சொல்லவில்லை. கோயிலின் முன்னால் எத்தனையோ முறை கைகூப்பி நின்றிருக்கிறேன். அன்று அந்தத் தகரக் கூரைக் கடையின் முன்னால் நின்றபோது எனக்குள் எழுந்ததும் அதற்குக் குறைந்த ஒன்றல்ல.

அண்மையில் பார்வதி கைப்பேசியில் அழைத்தார். சட்டம் என்னவாயிற்று என்று கேட்டார். இன்னும் ஆகவில்லை என்றேன். மாரிமுத்து எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

"இருக்காரு சார். கண்ணுல மஞ்சள் கொஞ்சம் எறங்கியிருக்கு. சாயங்காலம் அவரு வேல விட்டு வர்ற நேரத்துக்கு அங்க கரண்டு போயிருது." பிறகு அவரே சொன்னார்: "போவாத நாளும் இருக்கு. ஆனா கடையில சுப்பையா அண்ணன் இருந்தா போயிருது."